நடத்தாத ஒன்பதாம் பாடம்

அந்தப் பெண் என்னைக் கை காட்டியபோது நான் பிரார்த்தனைக் கூடத்தின் மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழாகப் பார்த்து இடம்பிடித்து உட்கார்ந்திருந்தேன். மேடையில் பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். உயிர்கள் எல்லாம் இன்றைக்கு இருக்கிறபடியே, ஒரு குறையும் இல்லாமல், ஒரே மூச்சில் படைக்கப்பட்டவை என்பது அன்றைய பேச்சு. அவருக்கு நல்ல குரல். எனக்குப் பாதித் தூக்கம்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அப்படின்னா திமிங்கிலத்துக்கு உள்ளே எதுக்கு இடுப்பு எலும்பு இருக்கு? அதுக்குத்தான் காலே இல்லையே?"

யாரென்று திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. என் பத்தாம் வகுப்பு மாணவி. வகுப்பில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர். அவள் அப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அந்தக் கூடத்தின் சாவி அவரிடம்தான் இருக்கும். விடியற்காலையில் வந்து தரையைத் துடைத்து, நாற்காலி போட்டுவிட்டுத்தான் வண்டி எடுக்கப் போவார். அவர் முதல் வரிசையில் இருந்தார்.

பெரியவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "யாரும்மா உனக்கு இதைச் சொன்னது?"

அவள் முதலில் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் மெதுவாக எழுந்து திரும்பிக்கொண்டிருந்தார். பிறகு அவள் கண் அங்குமிங்கும் ஓடி என் மேல் வந்து நின்றது. தண்ணீரில் விழுந்த ஆள் கையில் கிடைத்ததைப் பிடிப்பதுபோல் என்னைப் பிடித்தாள்.

"சார்தான். ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தார்."

இருநூறு தலைகள் என் பக்கம் திரும்பின. என் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சத்தம் வராததைக் கூடம் முழுக்க ஆமாம் என்று எடுத்துக்கொண்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் பதினேழு ஆண்டுகளாக நான் உயிரியல் வாத்தியார். பத்தாம் வகுப்பின் ஒன்பதாவது பாடம் பரிணாமம். பதினான்கு பக்கம். அதை நான் ஒரு முறைகூட நடத்தியதில்லை. எட்டாம் பாடம் முடிந்ததும், "ஒன்பதாவது ஈஸியான பாடம், வீட்ல படிச்சுக்கோங்க, அடுத்தது" என்று பத்தாம் பாடத்துக்குத் தாவிவிடுவேன். பொதுத்தேர்வில் அந்தப் பாடத்திலிருந்து ஒரே ஒரு பெரிய கேள்வி வரும். அதற்குக் கீழே 'அல்லது' என்று போட்டு எட்டாம் பாடத்திலிருந்து இன்னொன்று இருக்கும். பிள்ளைகள் எட்டாம் பாடத்தை எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. பிள்ளைகள் எனக்கு 'அடுத்தது சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

யாராவது மிரட்டினார்களா என்றால், அதுவும் இல்லை. அதுதான் வெட்கக்கேடு. ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாகவே முன்கூட்டிப் பயந்துகொண்டேன். எனக்குக் கடவுளோடு சண்டை இல்லை. தினமும் கும்பிடுகிறவன்தான். கடவுளைவிடப் பக்கத்து வரிசையில் கும்பிடுகிறவர்களுக்குத்தான் பயந்தேன்.

ஆனால் பாடக் குறிப்பேட்டில் எல்லாம் இருக்கும். எந்தத் தேதியில், எந்தப் பாடவேளையில், என்ன நடத்தினோம் என்று வாரா வாரம் எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுக்க வேண்டும். ஒன்பதாம் பாடம், ஆறு பாடவேளை, படம் வரைதல், கலந்துரையாடல், முடிந்தது என்று என் அழகான கையெழுத்தில் ஒவ்வொரு ஆண்டும் எழுதியிருக்கிறேன். கலந்துரையாடலில் மாணவர்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர் என்றுகூட எழுதியிருக்கிறேன். தலைமையாசிரியை ஒரு வரியும் படிக்காமல், 'பார்வையிடப்பட்டது' முத்திரையைக் குத்திப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

திங்கட்கிழமை கேள்விக்குறி பள்ளிக்கு வரவில்லை. பொதுத்தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் ஒரு மனுவின் நகல்.

"கல்வி அலுவலகத்துக்கே எழுதிட்டார் சார், அந்தப் பொண்ணோட அப்பா. சனிக்கிழமை அதிகாரி வர்றார்."

"பொண்ணு எங்க மேடம்?"

"வீட்லதான். வெளியே விடல. நான் போய்ப் பேசினேன். 'வாத்தியார் சொன்னதைத்தான் இவ திருப்பிச் சொன்னான்னா, பிள்ளை மேல தப்பில்ல, பரீட்சை எழுதட்டும். வாத்தியாரை நான் பார்த்துக்கறேன்'னு சொன்னார். 'இவளாவே இப்படி யோசிக்கிறான்னா படிச்சது போதும்'னு சொல்லிட்டார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சும்மா சொல்றவர் இல்ல சார் அவர். அவளோட அக்காவை ஒன்பதாவதோட நிறுத்தினார். அதுவும் நல்லாப் படிச்ச பொண்ணு."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பதினேழு ஆண்டுக் கதையையும் சேர்த்து. அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நடத்தவே இல்லையா? ஒரு வருஷம்கூடவா?"

"இல்ல."

"நல்ல வாத்தியார் போங்க." மறுபடி கத்தியை எடுத்தாள். "இப்ப என்ன சொல்லப் போறீங்க?"

"நடத்தலைன்னு சொன்னா குறிப்பேட்டுல பொய் எழுதினது வெளிய வந்துடும். வேலை போயிடும். நடத்தினேன்னு சொன்னா கூடத்துல தலை காட்ட முடியாது."

"நான் உங்களைக் கேக்கல. அந்தப் பொண்ணு என்ன ஆவா?"

அதுவரை நான் அதை யோசிக்கவில்லை. எழுதுவதற்கே கூசுகிறது, ஆனால் யோசிக்கவில்லை. நான் நடத்தினேன் என்றால்தான் அவளுக்குப் பரீட்சை. வாழ்க்கையில் முதன்முறையாக என் பொய் இன்னொருவருக்கு உதவும்போல் இருந்தது. அதனால் பொய்யையே கெட்டியாகப் பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். என்னை ஒரு பெரிய தியாகி என்றுகூட ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளில் பதினான்கு பக்கத்தைப் படித்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? குறிப்பேட்டுக்குப் புது அட்டை போட்டேன்.

சனிக்கிழமை காலை தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அவளைப் பார்த்தேன். வகுப்பு முழுவதும் இருக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்ததால் அப்பா கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு வாரத்தில் முகம் பாதியாகியிருந்தது. கை கழுவுவதுபோல் குனிந்துகொண்டே பேசினாள்.

"சார், மன்னிச்சிடுங்க. பயத்துல உங்க பேரைச் சொல்லிட்டேன்."

"பரவாயில்லம்மா."

"நீங்க நடத்தினதாவே இருக்கட்டும் சார். மாத்திச் சொல்லிடாதீங்க. அக்கா மாதிரி ஆக்கிடுவாங்க சார் என்னை." குழாயை மூடாமலே ஓடிவிட்டாள். நான்தான் மூடினேன்.

அதிகாரி ஒல்லியான மனிதர். கடுமையான ஜலதோஷத்தோடு வந்திருந்தார். கைக்குட்டை மூக்கை விட்டு இறங்கவில்லை. தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்து குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தேதிகளைக் காலண்டரோடு ஒத்துப் பார்த்தார்.

"இவ்வளவு ஒழுங்கா எழுதுறவங்களை நான் பார்த்ததில்ல சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு மூலைப் பக்கம் திரும்பினார். "பாடத்திட்டத்துல இருக்கறதை நடத்தியிருக்கார். இதுல என்ன புகார்?"

மூலையில் நின்ற ஓட்டுநர் தொண்டையைச் செருமினார். காக்கிச் சட்டை, கையில் தொப்பி. "எழுதினது சரிதான் சார். வாயால என்ன சொன்னார்னு அதுல இருக்கா? பிள்ளைங்க மனசுல என்ன போட்டார்னு தெரியணும். எங்க முன்னாடி ஒரு தடவை நடத்திக் காட்டச் சொல்லுங்க."

அதிகாரி ஒரு தும்மல் தும்மினார். "நியாயமான பேச்சு" என்றார்.

சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வகுப்புக்கு நடந்தேன்.

முப்பத்துநான்கு பேர் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் கடைசி பெஞ்சில், முட்டி மேசையில் இடிக்க, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அதிகாரியும் தலைமையாசிரியையும் ஜன்னல் பக்கம். நான் கரும்பலகையில் பரிணாமம் என்று எழுதினேன். அந்தச் சொல்லைப் பதினேழு ஆண்டில் அந்தக் கை அங்கே எழுதியதே இல்லை.

"உயிர்கள்... காலப்போக்கில்... மாறுகின்றன" என்றேன்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கல்லூரியில் படித்தது எப்போதோ ஆவியாகிப் போயிருந்தது. சாக்பீஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். வகுப்பே என்னைப் பார்த்தது. நான் இந்தப் பாடத்தை நடத்தவில்லை என்பது முப்பத்துநான்கு பேருக்கும் தெரியும். ஒருத்தன் வாயைத் திறந்தால் முடிந்தது.

இரண்டாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"சார், அன்னைக்கு மூணு கை எலும்பு படம் போட்டு ஆரம்பிச்சீங்களே, அதையே போட்டீங்கன்னா எங்களுக்கும் ஞாபகம் வரும்."

கேள்விக்குறிதான். புத்தகத்தைத் திறந்து, பக்கம் எனக்குத் தெரிகிற மாதிரி சாய்த்துப் பிடித்திருந்தாள். மனிதக் கை, வௌவால் இறக்கை, திமிங்கிலத் துடுப்பு. நான் அவளைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன்.

"இதுல... என்ன கவனிக்கணும்னு சொன்னேன்?"

"மேல ஒரு எலும்பு, கீழ ரெண்டு, அப்புறம் விரல்கள். மூணுலயும் அதே வரிசைதான்னு சொன்னீங்க சார். ஒண்ணு பிடிக்க, ஒண்ணு பறக்க, ஒண்ணு நீந்த."

"அதனால?"

"வேலை வேற வேறயா இருந்தும் அமைப்பு ஒண்ணா இருக்குன்னா, ஒரே மூதாதையர்கிட்ட இருந்து வந்திருக்கணும்னு சொன்னீங்க."

பின்னால் ஒருத்தி எழுந்தாள். "ஆமா சார், எங்களையே கையைத் தடவிப் பார்க்கச் சொன்னீங்க." நான் சொன்னதே இல்லை. ஆனால் அந்த நிமிடம் வகுப்பு முழுவதும் தங்கள் முன்கையைத் தடவிப் பார்த்தது, இரண்டு எலும்பையும் தேடி. நானும் தடவினேன். இருந்தது. எல்லோருமாகச் சேர்ந்து அந்தப் பிள்ளைக்காகப் பொய் சொன்னார்கள். பொய் சொல்லிக்கொண்டே நிஜமாகவே பாடத்தையும் படித்தார்கள். ஒரு கேள்விக்கு இன்னொரு கேள்வி வந்தது. அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. இத்தனை ஆண்டில் எதை இழந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுகை வந்தது. சாக்பீஸ் தூள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

"அந்த இடுப்பு எலும்பு விஷயம் புத்தகத்துல இருக்கா, நீங்களாச் சொன்னதா?" அதிகாரி கேட்டார். "புத்தகத்துக்கு வெளிய இருந்தா சிக்கல்."

நான் பக்கங்களைப் புரட்டினேன். எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கம் சார். கீழ, பெட்டிக்குள்ள, சின்ன எழுத்துல" என்றாள் அவள்.

அதிகாரி பார்த்தார். இருந்தது. "கடவுள் இல்லைன்னு எங்கயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார். நானே கும்பிடுறவன்."

"அப்ப எல்லாம் சரியா இருக்கு. புகார் முடிஞ்சது." மூக்கைத் துடைத்துக்கொண்டு அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியை என் தோளைத் தட்டினார். ஓட்டுநர் எழுந்து, தொப்பியைத் தலையில் வைத்து, மகளைக் கூட்டிக்கொண்டு போனார். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நான் நினைத்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அப்படித்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை.

புதன்கிழமை தேர்வு நுழைவுச் சீட்டுகள் வந்தன. வகுப்பாசிரியர் நான்தான், நான்தான் கொடுக்க வேண்டும். முப்பத்துமூன்று கொடுத்தேன். மீந்த ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஏணிப்படியில் ஏறி நின்று பக்கக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்" என்றார். இறங்கவில்லை.

"பொண்ணை அனுப்புங்க. நான் நடத்தினதுதான்னு நீங்களே பார்த்தீங்களே."

"பார்த்தேன். நீங்க நடத்தல சார்." துணியை மடித்து மறுபக்கம் திருப்பினார். "இருபத்திரண்டு வருஷமா கண்ணாடியில ஆளுங்க முகத்தைப் பார்க்கிறவன் நான். எவன் டிக்கெட் எடுக்கல, எவன் எவன் பையைப் பார்க்கிறான், எல்லாம் தெரியும். நீங்க ஒவ்வொரு வார்த்தைக்கும் என் பொண்ணு முகத்தைப் பார்த்தீங்க. அவதான் வண்டி ஓட்டினா. நீங்க பின்னாடி உக்காந்து வந்தீங்க."

அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பதினேழு ஆண்டுப் பொய், குறிப்பேடு, 'அடுத்தது'. என் மேல் மறுபடி புகார் எழுதச் சொன்னேன், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். வேலை போகட்டும், அவளைப் பரீட்சைக்கு மட்டும் அனுப்புங்கள் என்று பேருந்து நிலையத்தின் நடுவே அவர் காலடியில் நின்று கை கூப்பினேன். வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அவர் இறங்கி வந்தார். கோபமே இல்லை அவரிடம். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்கும்.

"நீங்க சொல்லிக் கொடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும் சார்" என்றார். "உங்களைத் திட்டிட்டுப் போயிருப்பேன். பெரியவளுக்கு இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் ஃபோன்ல இருந்து வந்துச்சு, ஃபோனை உடைச்சேன். இவளுக்கு யாரும் சொல்லல. பெட்டிக்குள்ள சின்ன எழுத்துல இருந்ததை இவளாத் தேடிப் படிச்சிருக்கா. நேத்து கேட்டேன், கடவுள் இல்லைங்கிறியான்னு. 'இல்லப்பா, தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்'னு சொல்றா. இவளுக்கு நான் எதை சார் உடைக்கிறது?"

கண்டக்டர் விசில் ஊதினார். நுழைவுச் சீட்டை நீட்டினேன். அதில் இருந்த அவள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். வாங்கவில்லை.

மாலையில் தலைமையாசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "முடிஞ்சு போன விஷயம் சார். மேலிடத்துல நல்லபடியா எழுதிட்டாங்க. நீங்களா இழுத்து விட்டுக்காதீங்க" என்றார். அன்றைக்கு அவரிடம் எனக்கு வந்த கோபம் என் மேல் வந்த கோபம்தான்.

தேர்வின் முதல் நாள் எட்டரைக்கே வாசலில் போய் நின்றேன். எங்கள் பள்ளி வாசலில் பேருந்து நிறுத்தம் கிடையாது. ஆனாலும் ஐந்து ஆண்டுகளாக ஒன்பது இருபது வண்டி மட்டும் அங்கே ஒரு நொடி நிற்கும். அவள் குதித்து இறங்குவாள். விதிக்குப் புறம்பாக அந்த மனிதர் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்பது இருபதுக்கு வண்டி வந்தது. வேகம் குறைந்தது. வாசலுக்கு நேராக நின்றது, கதவும் திறந்தது. நான் பையில் கையை விட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். படியில் யாரும் இல்லை. உள்ளே முன் இருக்கையிலும் இல்லை. ஓட்டுநர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டார் என்று எனக்குப் புரிந்த நொடியில் அவருக்கும் அது புரிந்தது. கதவு மூடியது. வண்டி போய்விட்டது.

உயிரியல் தேர்வன்று முப்பத்துமூன்று பேரும் வெளியே ஓடி வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பெரிய கேள்வி கை எலும்பு. வழக்கம்போல் 'அல்லது' இருந்தது. இந்த முறை ஒருத்தர்கூட அந்தப் பக்கம் போகவில்லையாம். "சூப்பரா எழுதினோம் சார்" என்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை குறிப்பேட்டை எடுத்து, புதுப் பக்கத்தில், அதே அழகான கையெழுத்தில் எழுதினேன். 'ஒன்பதாம் பாடம் இந்த ஆண்டும் என்னால் நடத்தப்படவில்லை. கடந்த பதினேழு ஆண்டுகளாகவும் நடத்தப்படவில்லை. நடத்தியதாக எழுதியவை அனைத்தும் பொய். விசாரணையன்று வகுப்பை நடத்தியது இரண்டாவது பெஞ்சு மாணவி. அவள் பள்ளியை விட்டு நின்றதற்கு நானே காரணம்.' தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன், மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. யாராவது காலடிச் சத்தத்தோடு வந்தால் அழைப்புதான் என்று எழுந்து நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. புதன்கிழமை அலுவலக உதவியாளர் மற்ற குறிப்பேடுகளோடு என்னுடையதையும் கொண்டுவந்து கொடுத்தார். திறந்து பார்த்தேன். நான் எழுதியதற்குக் கீழே 'பார்வையிடப்பட்டது' என்று முத்திரை. பச்சை மையில் கையெழுத்து. நான் பதற்றத்தில் தேதியை ஒரு நாள் தள்ளி எழுதியிருக்கிறேன்போல. அதை மட்டும் அடித்துத் திருத்தியிருந்தார்.